பிரைட் ஃபியூச்சர்ஸுக்கு சேவை மணி நேரம்: எங்கள் வீட்டு அனுபவங்கள்

ஃபுளோரிடாவில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்களுக்குத் தெரிந்ததுதான்: பிரைட் ஃபியூச்சர்ஸ் என்பது கல்லூரிப் படிப்புக்கு மாநிலம் தரும் உதவித்தொகை, அதற்குச் சேவை மணி நேரமும் கேட்பார்கள். அதில் முழுக் கல்லூரிக் கட்டணமும் கிடைக்கும் அகாடமிக் ஸ்காலர்ஸ் பிரிவுக்கு 100 மணி நேரம், முக்கால் பங்கு கிடைக்கும் மெடாலியன் பிரிவுக்கு 75. உழைத்துவிடலாம், உழைத்ததற்குக் கையெழுத்து வாங்குவதுதான் பாடு. என் மகள் நூலகத்தில் சின்னக் குழந்தைகளுக்குக் கதை படித்தாள். நூலகர் அம்மா அன்றன்றே தேதி, நேரம் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்துவிடுவார். இன்னொரு இடத்தில், "கடைசியில் மொத்தமாகப் போட்டுத் தருகிறோம்" என்றார்கள். கடைசியில் போனால், சொன்னவர் வேலையை விட்டே போயிருந்தார். "நான் பார்க்காததற்கு எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?" என்றார் புதியவர். அவர் கேட்டதும் நியாயம்தானே! வாசலில் இருந்த வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் இருந்ததால் பிழைத்தோம்.

— அக்கா, எங்க வீட்டுக் கதை வேற. பையனுக்கு சேவையில மனசே ஒட்டல. மளிகைக் கடையில பார்ட் டைம் போனான். ஒருநாள் ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு வழிகாட்டுற கவுன்சிலரே கூப்பிட்டு, "2022 சட்டத்துக்கு அப்புறம் சம்பள வேலையும் கணக்குல வரும், பே ஸ்டப்ப, அதான் சம்பளச் சீட்ட, தூக்கிப் போட்டுடாத"ன்னு சொன்னாங்க. ஆனா ஒண்ணு கவனிங்க: சம்பள வேலையைக் கலந்தா மெடாலியனுக்கும் மொத்தம் 100 வேணும். அந்த 75 முழுக்க சேவையே செஞ்சவங்களுக்குத்தான். சம்பளமும் வந்து கணக்கும் ஏறுதேன்னு என் மாமியாருக்கு ஒரே பெருமை!

— என் பெண் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் உதவி ஆசிரியையாக இருந்தாள். மணி நேரம் மட்டும் காட்டினால் போதாது. எந்தச் சமூகப் பிரச்சினைக்காக, அல்லது எந்தத் தொழில் ஆர்வத்துக்காகச் செய்கிறோம் என்று முன்பே திட்டம் எழுத வேண்டும். முடித்தபின் என்ன கற்றோம் என்றும் எழுத வேண்டும். "மொழி வகுப்பில் என்ன சமூகப் பிரச்சினை?" என்று கவுன்சிலர் கேட்டிருக்கிறார். ஊரிலிருந்து தாத்தா போன் செய்தால் பேசத் தெரியாமல் அம்மாவிடம் போனை நீட்டும் பிள்ளைகளைப் பற்றி இவள் எழுதிக் கொடுத்தாள். மறுபேச்சில்லாமல் ஒப்புதல் வந்தது. எந்த அமைப்பு செல்லும், செல்லாது என்பதைப் பள்ளியில் கேட்டுக்கொண்டே தொடங்குங்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுகிறது.

விண்ணப்பம் பன்னிரண்டாம் வகுப்பு அக்டோபர் 1 அன்று திறந்து, பள்ளிப் படிப்பு முடிந்த ஆண்டின் ஆகஸ்ட் 31 வரை இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, மிச்ச மணி நேரத்தைக் கோடையில் முடித்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பள்ளிப் பட்டமளிப்புக்கு முன் செய்தது மட்டும்தான் கணக்கு.