அம்பாசடர் ஆயில் ஒழுகல்: சம்ப் பேக்கிங் மாற்றுவதா, விட்டுவிடுவதா?

காரைக்குடி_மார்க்4

வணக்கம். அப்பா ஓட்டிய 1986 மார்க் 4 பெட்ரோல் வண்டி இப்போது என்னிடம் இருக்கிறது. அதே பழைய 1489 சி.சி. இன்ஜின்தான், மாற்றவில்லை. மாதம் 200 கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். ஆறு மாதமாக நிறுத்துகிற இடத்தில் ஆயில் சொட்டுகிறது. ராத்திரி அடியில் அட்டை விரித்துவைத்து காலையில் எண்ணினேன், 40 சொட்டுக்கு மேல். அம்மா தினமும் மரத்தூள் தூவிப் பெருக்குகிறார்.

ஒரு பட்டறையில் சம்ப் (இன்ஜினின் அடியில் ஆயில் தங்குகிற தகட்டுத் தொட்டி) போல்ட் எல்லாவற்றையும் ஒரு சுற்று இறுக்கிக் கொடுத்தார்கள். அப்புறம் இன்னும் கூடுதலாகத்தான் சொட்டுகிறது. வேறொரு பட்டறையில், சம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கிற பேக்கிங் போய்விட்டது, சம்பை இறக்கி மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா, விடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மலைப்பாதை_அண்ணன்

தம்பி, விட்டுவிடுங்கள். மேட்டுப்பாளையம் – ஊட்டி பாதையில் 22 வருடம் டாக்சி ஓட்டியவன் நான். இரண்டு அம்பாசடர் வைத்திருந்தேன், இரண்டும் சொட்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். சுமாராக 20 சொட்டு ஒரு மில்லி. உங்கள் 40 சொட்டு 2 மில்லி. மாதம் முழுக்கச் சேர்த்தாலும் 60 மில்லி. நாலு லிட்டர் அளவு பிடிக்கிற இன்ஜினுக்கு இது ஒரு பொருட்டா?

காலையில் ஆயில் அளவு காட்டுகிற டிப் ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள், குறைந்தால் ஊற்றுங்கள். நாற்பது வருட இன்ஜினின் அடியில் ஸ்பேனர் வைத்தால் ஒன்றைச் சரி செய்து இரண்டைக் கெடுப்போம். என் வண்டியில் சம்பை இறக்கியவர் திரும்பப் பூட்டும்போது பிளாக்கில் இரண்டு மரையைத் தின்றுவிட்டார். முன்பு சொட்டிய வண்டி அதற்குப் பிறகு ஒழுக ஆரம்பித்தது.

வேளச்சேரி_மாடிவீடு

அண்ணா, உங்கள் கணக்கு நிற்கிற வண்டிக்கு மட்டும்தான் பொருந்தும். ஓடும்போது எவ்வளவு போகிறது என்று அட்டைக்குத் தெரியாது. சூட்டில் ஆயில் தண்ணீர் மாதிரி இளகியிருக்கும், உள்ளே சுற்றுகிற கிராங்க் தண்டு அதை வாரி அடித்துக்கொண்டிருக்கும். போவதெல்லாம் சாலையில் போகிறது.

நான் தினமும் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறேன். ரொம்ப நாள் காய்ந்து கிடந்த ரோட்டில் முதல் தூறல் விழும்போது சிக்னல் கோட்டுக்கு அருகே வானவில் நிறத்தில் ஒரு படலம் தெரியும் பாருங்கள், அதில் முன்சக்கரம் நழுவி விழுந்து மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டது எனக்கு. அங்கே யார் வண்டி சொட்டியது என்று யாரைக் கேட்பது? என் மாமாவிடமும் ஒரு அம்பாசடர் இருக்கிறது. ஊற்றினால் போதும் என்பதை அவரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை, இங்கேயும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

திண்டுக்கல்_பட்டறை

மாற்றுவதா விடுவதா என்பது இரண்டாவது கேள்வி. சம்ப் பேக்கிங்தான் ஒழுகுகிறது என்று யார் பார்த்தார்கள்? சம்ப் இருப்பது இன்ஜினின் அடியில். மேலே எங்கே கசிந்தாலும் வழிந்து வந்து சம்ப் விளிம்பில் தொங்கித்தான் சொட்டும். சொட்டுகிற இடத்தை வைத்து ஒழுகுகிற இடத்தை முடிவு செய்யக் கூடாது.

இந்த இன்ஜினில் நான் முதலில் பார்ப்பது சைடு கவர். மேனிஃபோல்டுக்குக் கீழே, வால்வை இயக்குகிற புஷ் ராட் கம்பிகள் இருக்கிற அறையை மூடியபடி இரண்டு தகர மூடிகள் இருக்கும். பின்பக்க மூடி இருட்டில், சைலன்சர் பைப் சூட்டில் கிடப்பதால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதன் கார்க் காய்ந்து கருகினால் ஆயில் பிளாக்கின் பின் ஓரமாக இறங்கி, சம்பும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் வந்து நிற்கும்.

அடுத்தது கிராங்கின் பின்முனை. அங்கே ரப்பர் சீல் கிடையாது. சுருள் சுருளாக மரை மாதிரி பள்ளம் வெட்டியிருக்கும், சுற்றும்போது அது ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளும், அவ்வளவுதான். இதே குடும்பத்து இன்ஜினுக்கு இங்கிலாந்தில் எம்.ஜி.பி. காரில் 1964-இல் கிராங்கைத் தாங்குகிற மெயின் பேரிங் ஐந்தாக வந்தபோதுதான் பின்னால் ரப்பர் சீலும் வந்தது. நம்முடையது மூன்று பேரிங். பேரிங் தேய்ந்து இடைவெளி கூடினால் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற பெல் ஹவுசிங் கூட்டின் அடித் துளை வழியாகச் சொட்டும். அதற்கு எத்தனை சம்ப் பேக்கிங் மாற்றினாலும் நிற்காது.

தம்பி, இப்படிச் செய்யுங்கள். இன்ஜின் ஆறிய பிறகு அடிப்பக்கம், சைடு கவர், பெல் ஹவுசிங் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்துக் கழுவுங்கள். நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். அப்புறம் முகத்துக்குப் போடுகிற பவுடரைப் பரவலாகத் தூவுங்கள். 15 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையில் கறுப்பாக ஒரு கோடு இறங்கியிருக்கும். அந்தக் கோட்டின் மேல்நுனி எங்கே இருக்கிறதோ அதுதான் இடம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வையுங்கள்.

பீளமேடு_லேத்

பவுடர் சோதனை சரி, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சம்ப்தான் என்று தெரிந்தால் தயவுசெய்து மறுபடி கார்க் போடாதீர்கள். சிலிகான் கேஸ்கெட் பேஸ்ட் போடுங்கள்.

காரணம் சொல்கிறேன். கார்க் அமுங்கும். அமுங்க அமுங்க போல்ட்டின் பிடி தளரும். தளர்ந்ததும் கசியும். கசிந்ததும் யாராவது ஒரு சுற்று இறுக்குவார்கள். சம்ப் வெறும் அழுத்திய தகடு. இறுக்கியதும் போல்ட் துளையைச் சுற்றி மேலே குமிழும், இரண்டு போல்ட்டுக்கு நடுவே இடைவெளி விடும். நண்பருக்கு நடந்தது இதுதான் என்பேன், இறுக்கிய பிறகு கூடுதலாகச் சொட்டுவது வேறு எதனால்? இன்றைக்கு வருகிற பெரும்பாலான இன்ஜின்களில் சம்புக்குத் தனிப் பேக்கிங்கே இல்லை, பேஸ்ட்தான். அமுங்கித் தளர்கிற பொருள் நடுவில் இல்லாததால் போல்ட்டின் பிடி அப்படியே நிற்கிறது.

திண்டுக்கல்_பட்டறை

இறுக்கியதால் விளிம்பு குமிழ்ந்திருக்கும் என்பது சரி. பேஸ்ட் மட்டும் போடச் சொல்வதை ஏற்க மாட்டேன். புது இன்ஜின்களின் சம்ப் விளிம்பு பேஸ்டுக்காகவே வடிவமைத்தது. இந்த சம்பைப் பாருங்கள். இரண்டு பக்கமும் நீளமான கார்க், முன்னாலும் பின்னாலும் மெயின் பேரிங் மூடிக்குக் கீழே அரைவட்டக் கார்க். நாலும் ஒன்றுக்கொன்று கணக்குப் பார்த்து வைத்தது. பக்கத்துக் கார்க்கை எடுத்துவிட்டால் அதன் பருமன் அளவுக்கு சம்ப் மேலே ஏறும். அப்போது அரைவட்டக் கார்க் அளவுக்கு மேல் நசுங்கும், இல்லாவிட்டால் சம்பே உட்கார மறுக்கும்.

இன்னொன்று. எங்களிடம் வந்த ஒரு வண்டியில் ஆயில் பிரஷர் ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) விழுந்துகொண்டே இருந்தது. சம்பை இறக்கினால் உறிஞ்சுகிற சல்லடையில் மண்புழு மாதிரி சிவப்பு சிலிகான் இழைகள் சுற்றிக் கிடந்தன. வெளியே பிதுங்குகிற பேஸ்ட் கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். அதே அளவு உள்ளேயும் பிதுங்கும், அதை யார் துடைப்பது? கசிகிற இன்ஜினுக்கு ஆயில் ஊற்றியாவது ஓட்டலாம். சல்லடை அடைத்தால் பேரிங் போய்விடும்.

பீளமேடு_லேத்

அந்த இழை பேஸ்டின் குற்றமில்லை, அள்ளி அப்பியவரின் குற்றம். இரண்டு மூன்று மில்லிமீட்டர் கோடு, போல்ட் துளையின் உள்பக்கமாகச் சுற்றி வந்து போட்டால் உள்ளே பிதுங்குவது சொற்பம். பருமன் பற்றிச் சொன்னது நியாயம், அரைவட்டங்கள் இருக்கிற இடத்தில் பேஸ்ட் மட்டும் போதாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடையில் கிடைக்கிற கார்க்கின் தரத்தை நீங்கள் பேசவே இல்லையே. அலமாரியில் எத்தனை வருடம் கிடந்ததோ தெரியாது, பிரித்தால் துளைகள் போல்ட்டோடு பொருந்துவதே இல்லை, கால் அங்குலம் தள்ளி நிற்கிறது. மடக்கினால் பிஸ்கட் மாதிரி உடைகிறது. அதைப் போட்டு எத்தனை மாதம் தாங்கும்?

திண்டுக்கல்_பட்டறை

துளை பொருந்தாதது கார்க் காய்ந்து சுருங்கியதால். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு வையுங்கள், விரிந்து துளைக்கு நேராக வந்துவிடும். அப்புறம் தட்டையாகப் பலகைக்கு நடுவே வைத்து மேல் ஈரத்தை உலரவிட்டுப் பூட்டுங்கள். ஊறியும் உடைந்தால் குப்பையில் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள், அதில் வாதமே இல்லை.

பழையஇரும்பு

இடையில் ஒரு கேள்வி. ஆயிலில் கலந்தால் ஒழுகலை நிறுத்தும் என்று ஒரு மருந்து விற்கிறார்களே, ஒரு பாட்டில் ஊற்றிப் பார்க்கக் கூடாதா?

வேளச்சேரி_மாடிவீடு

மாமா வண்டியில் ஊற்றிப் பார்த்துவிட்டோம். அந்த வகை மருந்துகளின் வேலை, இறுகிப்போன ரப்பர் சீலை இளக்கி உப்பவைப்பது. இந்த இன்ஜினில் மேலே சொன்ன இடங்களில் ரப்பர் எங்கே இருக்கிறது? சைடு கவர் கார்க், சம்ப் கார்க், பின்முனையில் சீலே இல்லை. எதை உப்பவைக்கும்?

மாமா வண்டியில் சம்ப் பேக்கிங் மாற்றும்போது நானும் மாமாவும் சேர்ந்துதான் செய்தோம், அதிலிருந்து இரண்டு விஷயம். சம்பை இறக்கிய அன்றே பூட்ட அவசரப்படாதீர்கள். கிராங்கிலிருந்தும் இன்ஜினின் உள்சுவரிலிருந்தும் விடிய விடிய ஆயில் சொட்டிக்கொண்டே இருந்தது. துடைத்த விளிம்பு ஐந்து நிமிடத்தில் மறுபடி நனைந்தது. ஒரு ராத்திரி விட்டு மறுநாள்தான் பூட்டினோம்.

அடுத்து விளிம்பு. கழுவிய சம்பை சமையலறைக் கடப்பாக் கல் மேடையில் கவிழ்த்து, உள்ளே செல்போன் டார்ச்சை எரியவிட்டு லைட்டை அணைத்தோம். நாலு இடத்தில் கல்லுக்கும் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் கீற்றாகத் தெரிந்தது. ஒவ்வொரு போல்ட் துளையையும் மரக்கட்டை மேல் வைத்து உருண்டைத் தலைச் சுத்தியலால் லேசாகத் தட்டித் தட்டி, மறுபடி கவிழ்த்துப் பார்த்து, வெளிச்சம் மறையும் வரை செய்தோம். இரண்டு மணி நேரம் பிடித்தது. பேக்கிங் கார்க்கா பேஸ்டா என்று நீங்கள் இருவரும் வாதாடுகிறீர்கள். இந்த வெளிச்சம் தெரிந்தால் இரண்டுமே நிற்காது.

பீளமேடு_லேத்

இதை முழுதாக ஏற்கிறேன். போல்ட் இறுக்கமும் சொல்லுங்கள். கால் அங்குல போல்ட், 8 நியூட்டன் மீட்டர்தான், டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் சின்ன ராட்செட்டை நடுவில் பிடித்து இறுக்கினால் போதும். நீளமான கைப்பிடி வைத்து இழுத்தால் அண்ணனுக்கு நடந்த மாதிரி மரை போய்விடும்.

மலைப்பாதை_அண்ணன்

வேளச்சேரி அம்மா, நீங்கள் விழுந்து அடிபட்டதைப் படித்தேன். மலையில் ஓட்டியவன், ஈர ரோட்டில் ஆயில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அந்த விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி, மில்லிக் கணக்குப் போட்டிருக்கக் கூடாது.

ஆனால் சம்பை இறக்குவதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்றை யாரும் சொல்லவில்லை. இன்ஜின் உள்ளே சேர்கிற காற்று வெளியேறுகிற பிரீதர் பைப்பைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுங்கள். பிஸ்டன் ரிங் தேய்ந்த இன்ஜினில் காற்று கீழே இறங்கிக்கொண்டே இருக்கும், பிரீதர் அடைத்திருந்தால் அந்த அழுத்தம் போக வழியில்லாமல் ஆயிலை எல்லா இடுக்கிலும் தள்ளும். சீகூரில் ஒரு கொண்டைஊசி வளைவில் டிப் ஸ்டிக்கே எகிறி வெளியே வந்திருக்கிறது எனக்கு. பைப்பைக் கழுவியதும் பாதி கசிவு நின்றது. இறக்குவதற்கு அவசரப்பட வேண்டாம் என்பதில் நான் இன்னும் மாறவில்லை.

காரைக்குடி_மார்க்4

எல்லோருக்கும் நன்றி. ஒன்பது நாள் ஆயிற்று, பார்த்ததைச் சொல்கிறேன்.

பிரீதர் பைப்பில் குச்சி விட்டால் கறுப்புக் களிம்பு தார் மாதிரி வந்தது. கழுவி மாட்டினேன். அடியை முழுக்கக் கழுவி, பவுடர் தூவி, குன்றக்குடி வரை போய் வந்து பார்த்தேன். இரண்டு கோடு. ஒன்று பின்பக்க சைடு கவரின் கீழ் ஓரத்திலிருந்து நேராக இறங்கியிருந்தது, விரல் அகலம். மற்றது சம்பின் முன்பக்க மூலை, அரைவட்டக் கார்க்கும் பக்கத்துக் கார்க்கும் சேருகிற இடம், மெல்லிய கோடு. பெல் ஹவுசிங் துளை காய்ந்தே இருந்தது.

முதலில் சைடு கவரை மட்டும் கழற்றினேன். நடு போல்ட்டை யாரோ முறுக்கியதில் மூடி உள்பக்கம் குழிந்திருந்தது. தட்டி நேராக்கி, புதுக் கார்க் போட்டு, மெதுவாக இறுக்கினேன். நேற்று ராத்திரி அட்டையில் 11 சொட்டு.

மலைப்பாதை_அண்ணன்

பதினொன்றுதானே, தம்பி. இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல்_பட்டறை

நிறுத்த வேண்டாம். இறுக்கிக் குமிழ்ந்த விளிம்பு தானாக நேராகாது. அந்த மூலையில், நாலு கார்க்கும் சேருகிற இடங்களில் மட்டும், பட்டாணி அளவு பேஸ்ட் வைத்துக்கொள்ளுங்கள். பீளமேடு நண்பருக்காக விட்டுக்கொடுக்கவில்லை, நாங்களும் அங்கே வைப்பதுதான். அரைவட்டக் கார்க்கின் நுனி விளிம்பை விடக் கொஞ்சம் எழுந்து நிற்கட்டும், மட்டமாக வெட்டிவிடாதீர்கள். சம்ப் ஏறும்போது அது அமுங்கித்தான் அடைக்கும்.

காரைக்குடி_மார்க்4

சனிக்கிழமை மாலை ஆயிலை வடித்து சம்பை இறக்குகிறேன், ஞாயிறு மதியம் பூட்டுகிறேன். பழைய ஆயிலுக்கு மூடி உள்ள கேன் வாங்கி வைத்திருக்கிறேன், சாக்கடையில் விட மாட்டேன். கடப்பாக் கல் மேடைக்கு அம்மாவிடம் அனுமதி கேட்டேன். சம்பை சோப்புப் போட்டுக் கழுவிக் காட்டினால் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.