வெட்டிப் போட்ட முள்ளை யார் பொறுக்குவது?

காரைக்குடிப் பக்கத்திலிருந்து:

நாங்கள் ஏழு பேர். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்குக் கூடினால் ஒன்பது மணிக்குள் கலைந்துவிடுவோம். அதற்கு மேல் செம்மண் கொதிக்கும். எங்கள் ஊருணியைச் சுற்றி முன்பு நடைபாதை இருந்தது. நகரத்தார் கட்டிய செம்புராங்கல் படித்துறை இன்னும் அசையாமல் இருக்கிறது, பாதைதான் சீமைக்கருவேலத்துக்குள் போய்விட்டது. வீட்டு முற்றத்தில் விழும் மழை தெருவுக்கும், தெருவிலிருந்து ஊருணிக்கும் தானாக ஓடுகிற மாதிரி ஊரை அமைத்தவர்கள், கரையில் நடக்க வழி வைக்காமலா இருந்திருப்பார்கள்?

அந்தப் பாதையை மறுபடி திறக்கத்தான் கூடுகிறோம். முதல் மாதம் ஒரே வேகம். ஒருவர் கவைக்கம்பால் கிளையை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் வெட்டரிவாளால் போட, சரசரவென்று கரை திறந்துகொண்டே வந்தது. வெட்டுவதற்கு முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம் என்று வாட்ஸ்அப்பில் போட்டுக்கொண்டோம். அமெரிக்காவில் இருக்கும் ஊர்க்காரர்களெல்லாம் கைதட்டினார்கள். அங்கிருந்து கைதட்டுவதில் ஒன்றும் குற்றம் இல்லை, முள் அங்கே குத்தாது.

நாலாவது ஞாயிறு. கோயிலுக்குப் போய்விட்டுக் கரை வழியாகத் திரும்பிய ஆச்சி ஒருவர், எழுபத்தைந்து வயதுக்குக் குறையாது, எங்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கையில் சாமிக்கு உடைத்த தேங்காய் மூடி.

"எல்லாஞ் சரி அப்பச்சி. வெட்டிப் போட்டீகளே, முள்ளை யாரு பொறுக்குறது?"

சிரித்தோம். சிரித்து முடிப்பதற்குள் என் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஒரு முள் குதிகாலில் ஏறியது. பச்சை முள்ளாவது கொஞ்சம் வளையும். வெட்டிப் போட்டு மூன்று வாரம் காய்ந்தது ஊசிதான். பிடுங்கப் போனால் பாதி உள்ளேயே நின்றுவிட்டது.

ஆச்சி என்னைப் படித்துறையில் உட்கார வைத்தார். இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை உருவினார். அதிலே ஒரு முள்வாங்கி. அதை நான் பார்த்தது எங்கள் அப்பத்தாவிடம், சின்ன வயதில். ஒரு வளையத்தில் கோத்த இடுக்கி ஒன்று, கூரான குச்சி ஒன்று. குச்சியால் தோலை லேசாக விலக்கி, இடுக்கியால் பிடித்து, ஒரே இழுப்பு. முள் முனையைத் தன் கண்ணருகே கொண்டுபோய் உடையாமல் வந்திருக்கிறதா என்று பார்த்தார். பிறகு கரையில் இருந்த எருக்கை ஒடித்துப் பாலை வைத்துவிட்டு, "கையக் கழுவிக்கங்க, கண்ணுல பட்டுறப் போகுது" என்று எழுந்து போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

அதிலிருந்து முறையை மாற்றிவிட்டோம். இரண்டு பேர் வெட்டினால் ஐந்து பேர் பொறுக்க வேண்டும். தென்னை விளக்குமாறு, பழைய சாக்கு, குனிந்த முதுகு. படம் எடுக்க இதில் ஒன்றும் இல்லை, அதனால் இப்போது கைதட்டலும் குறைந்துவிட்டது.

அடிக்கட்டை இன்னொரு பாடு. தரையோடு வெட்டிவிட்டு வந்தால், ஒரு மழைக்கு அதே கட்டையிலிருந்து நாலைந்து கொம்பு கிளம்பும். மண்ணுக்குள்ளே வேர் பிரியும் இடத்துக்குக் கீழே போய்க் கடப்பாரை போட்டு நெம்பினால்தான் உண்டு. ஒரு கட்டைக்கு ஒரு மணி நேரம் போய்விடும். 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னபோது எங்கள் ஊரிலும் ஜேசிபி வந்தது. அன்றைக்குத் தரையோடு முறித்துவிட்டுப் போன இடத்தில்தான் இன்று நாங்கள் குனிந்துகொண்டிருக்கிறோம்.

ஆடு மேய்க்கும் அண்ணன் ஒருவர் முதலில் சண்டைக்கே வந்தார். கோடையில் புல் கருகிய பிறகு அவர் ஆட்டுக்கு இந்தக் காய்தான் தீனி. அதைத் தின்று, விதையைப் புழுக்கையோடு போட்டு, எங்கள் வேலையை இரட்டிப்பாக்குவதும் அதே ஆடுகள்தான். கடைசியில் ஓர் ஒப்பந்தம்: விறகு அவருக்கு, கரைப் பாதை எங்களுக்கு, மேற்கே உள்ள தரிசு ஆட்டுக்கு. கட்டையைப் பெயர்க்க அவரே வருகிறார் இப்போது. எங்கள் ஏழு பேரையும்விடக் கடப்பாரை பிடிக்கத் தெரிந்தவர்.

சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து:

மேலே சொன்னதைப் படித்ததும் எங்கள் கூத்து நினைவுக்கு வந்தது. வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1977-ல் அறிவித்தது, மூன்று கண்மாய்கள் சேர்ந்து 38.4 ஹெக்டேர். அதை ஒட்டியிருக்கும் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட வெடி போடாதவர்கள். அந்த ஊர்க் கரையில் பிளாஸ்டிக் பொறுக்க நாங்கள் ஒரு வேன் நிறையப் போய் இறங்கினோம். பாட்டு வேறு.

டீக்கடையில் இருந்த பெரியவர் வேன் அருகே வந்து, "தம்பி, மொதல்ல அந்தப் பாட்ட நிறுத்துங்க" என்றார். அவ்வளவுதான், எங்கள் உற்சாகத்தில் பாதி இறங்கிவிட்டது.

மீதிப் பாதியை நானே கெடுத்துக்கொண்டேன். தண்ணீருக்குள் நின்ற முள்மரங்களைக் காட்டி, "இந்தக் கருவேலத்தை ஏன் விட்டு வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். பெரியவர் கரையோரத்து மரம் ஒன்றின் கிளையை வளைத்து என் கையில் கொடுத்தார். மஞ்சள் உருண்டையாகப் பூ, மணி கோத்த மாதிரி காய், இரண்டிரண்டாக வெள்ளை முள். நாட்டுக்கருவேலம். சீமைக்குப் பூ நீளக் கதிராக இருக்கும், காய் பட்டையாக இருக்கும். மேலே நிமிர்ந்து பார்த்தால் நத்தைக்குத்தி நாரைகள் கூட்டில் குஞ்சோடு நிற்கின்றன. அரிவாள் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ!

இப்போது வருஷத்துக்கு இரண்டு தடவை போகிறோம், பறவைகள் கிளம்பிப் போன பிறகு. நாலு பேர், இரண்டு பைக். எந்தக் கரையில் எப்போது இறங்கலாம் என்பதை ஊர்க்காரர்கள்தான் சொல்வார்கள்.

தேவகோட்டையிலிருந்து:

நான் பாதை போடுகிறவள் இல்லை, நடக்கிறவள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வந்து, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்குப் போகும் பாதயாத்திரையில் பதினோரு வருஷமாகப் போகிறேன், வெறுங்காலோடு. வெறுங்காலுக்குத் தார் ரோட்டைவிட ஓரத்து மண்தான் சுகம், ஆனால் ஓரத்தில்தான் முள். அன்னதானப் பந்தல் தாண்டியதும் பேப்பர் கப் வேறு காலில் நசுங்கும். குடித்ததைக் கீழே போடுகிறவர்களும் நாங்கள்தான், அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

போன வருஷம் குன்றக்குடி தாண்டி, விடியக்காலை மூன்று மணி இருக்கும். முன்னால் கொஞ்ச தூரத்தில் தரையோடு ஒரு டார்ச் வெளிச்சம் ஆடியது. கிட்டப் போனால், ஒருத்தர் டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரோட்டோர மண்ணைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் சாக்கு, வாய்வரை கப்பும் முள்ளும். எந்த ஊர் என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல், "பின்னாடி இன்னும் எத்தனை பேர் வர்றாக ஆச்சி?" என்றார்.

"காவடியே இன்னும் வரலை தம்பி" என்றேன்.

"அப்ப நேரம் கெடக்கு" என்று சாக்கை இழுத்துக்கொண்டு எதிர் ஓரத்துக்குப் போனார்.