மாமாவின் மாண்டலினில் தோடி காந்தாரம் வரவே மாட்டேங்குது

கொள்ளிடக்கரை:
வணக்கம். மெல்லிசைக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்த மாமா போன வருஷம் தவறிவிட்டார். அவருடைய மாண்டலின் என்னிடம் வந்து சேர்ந்தது. எட்டுத் தந்தி, தட்டை முதுகு. நாலு வருஷம் பாட்டு கற்றவன் என்ற தைரியத்தில் நானே இறங்கிவிட்டேன். சரளி, ஜண்டை, கீதம் என்ற ஆரம்பப் பாடங்கள் பரவாயில்லை. மோகன வர்ணத்தைக்கூட ஒப்பேற்றியாச்சு. தோடி ராகத்தில் மாட்டிக்கொண்டேன். அதன் காந்தாரத்தை, அதாவது 'க' சுரத்தை, அசைக்கத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் ஜோடித் தந்தியில் ஒன்று ஒரு சுருதி, மற்றது வேறு சுருதி. உள்ளே இருந்து வீட்டுக்காரி, "பூனையை மிதிச்சிட்டீங்களா?" என்கிறாள். மாண்டலினிலேயே கர்நாடக இசைக் கச்சேரி செய்த யு. ஸ்ரீநிவாஸ் எப்படித்தான் வாசித்தார்? கோளாறு என் கையிலா, வாத்தியத்திலா?

தந்திப்பித்தன்:
கோளாறு ஜோடியில். மாண்டலினில் நாதம் சட்டென்று அடங்கிவிடும். அதனால்தான் மேற்கத்தியர்கள் ஒரே சுரத்தை மேலும் கீழுமாக வேகமாக மீட்டி நீட்டுகிறார்கள். அதற்கு ஜோடித் தந்தி பொருத்தம். நமக்கோ ஒரு மீட்டிலேயே நாலைந்து அசைவு வேண்டும். ஸ்ரீநிவாஸ் வாசித்தது ஐந்து ஒற்றைத் தந்திகள் போட்ட எலெக்ட்ரிக் மாண்டலின். ஒற்றை என்பதால் இழுக்க வரும், ஆம்ப் (ஒலிபெருக்கி) இருப்பதால் நாதம் நிற்கும்.

ஜோடிக்கு ஒன்றாக நாலைக் கழற்றுங்கள். ஆனால் எட்டையும் ஒரேயடியாகக் கழற்றிவிடாதீர்கள். தந்திகளைத் தாங்கும் குதிரை ஒட்டப்பட்டதல்ல, தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. அது நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். குறிக்காமல் கழற்றிவிட்டு, மேல் ஸ்தாயி சேராமல் இரண்டு நாள் அலைந்தவன் சொல்கிறேன்.

ஆறுகாலம்:
எதற்கு இந்தப் பாடு? வீணை வாங்குங்கள். இழுக்க இடம் தாராளம்.

கொள்ளிடக்கரை:
மாமா வீணை வைத்துவிட்டுப் போகவில்லையே சார்.

மயிலை மாமி:
தம்பி, 1981 டிசம்பரில் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியில் அந்தப் பையன் முதல்முதலாகச் சென்னையில் வாசித்தபோது வயசு 12. "சினிமாவுக்கு வாசிக்கிறதைச் சபாவுக்குக் கொண்டுவந்துட்டாங்களே" என்று வீட்டிலேயே உட்கார்ந்திருந்தவள் நான். அடுத்த வருஷம் போனேன். முதல் வருஷமே போகாததற்கு இன்னும் என்னைத் திட்டிக்கொள்கிறேன்.

ஒன்று கவனி. பாலகொல்லுவில் அவன் அப்பா கிளாரினெட்காரர். குரு ருத்ரராஜு சுப்பராஜு, பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதரின் சிஷ்யர், மாண்டலின் வாசிக்கிறவர் அல்ல. அவர் பாடுவார், பையன் அதைத் தந்தியில் தேடிப் பிடிப்பான். நீயும் காந்தாரத்தை முதலில் பாடு. தொண்டையில் ஆடாதது விரலில் ஆடாது.

தந்திப்பித்தன்:
மாமி சொல்வது சரி. இன்னொன்று: தந்தி நீளமே சுமார் 35 சென்டிமீட்டர்தான், வீணை அளவுக்கு இழுக்க முடியாது. இழுப்பு பாதி, ஜாரு (தந்தியின் மேல் விரலைச் சறுக்குவது) பாதி என்று கலந்து பாருங்கள். மெல்லிய தந்தி போடுங்கள். மாண்டலின் தந்தி கிடைக்காவிட்டால் கிட்டார் தந்தியின் நுனிக் குண்டை உடைத்து எடுத்தால் வளையம் மிஞ்சும், மாட்டிக்கொள்ளலாம். கண்ணில் படாதபடி பார்த்து உடையுங்கள், தெறிக்கும்.

கொள்ளிடக்கரை:
மூன்று வாரம் ஆச்சு. நாலு தந்தி கழற்றியாச்சு, குண்டு ஒன்று பீரோவுக்கு அடியில். தினமும் பாடிவிட்டுத்தான் வாசிக்கிறேன். காந்தாரம் அசைகிறது. ஆனால் ஆம்ப் இல்லாததால் சத்தம் பாதியாகிவிட்டது. நேற்று வீட்டுக்காரி, "பூனை போயிடுச்சு, இப்ப கொசு" என்றாள். சத்தத்தை ஆம்புக்கு அனுப்பும் பிக்கப் எது வாங்கலாம்?