பிரிஸ்டில்நோஸ் பிளெக்கோ: ஆண் மீன் முட்டைக் கொத்தைக் குகைக்கு வெளியே தள்ளிவிடுவது ஏன்?

கேள்வி (கூழாங்கல்):

வணக்கம். என்னுடைய 120 லிட்டர் மீன்தொட்டியில் ஓர் ஆணும் இரண்டு பெண்களுமாக மூன்று பிரிஸ்டில்நோஸ் பிளெக்கோக்கள் (முகத்தில் சதை முனைகள் வளரும், பாசி சுரண்டித் தின்னும் கெளுத்தி வகை மீன்கள்) உள்ளன. வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸ், பிஎச் 7.2, அம்மோனியாவும் நைட்ரைட்டும் டெஸ்ட் கிட்டில் பூஜ்யம் காட்டுகின்றன. சாய்த்துப் படுக்கவைத்த மண் பூச்சட்டி ஒன்றுதான் குகை. பெரிய பெண் அதற்குள் முட்டையிடுகிறது, ஆண் உள்ளே நின்று துடுப்புகளால் விசிறவும் செய்கிறது. ஆனால் ஓரிரு நாள்களில், விளக்கு போடும் நேரத்தில் பார்த்தால், ஆரஞ்சு நிறக் கொத்து முழுவதும் மணல்மேல் உருண்டு கிடக்கிறது. முதல் ஈடு வீணாவது இயல்பு என்று படித்திருக்கிறேன்; இங்கே ஒவ்வொரு ஈடும் இப்படியே போகிறது. ஆண் மீனை மாற்ற வேண்டுமா? விழுந்த முட்டைகளைக் காப்பாற்ற வழி உண்டா?

பதில் (ஆற்றுமணல்):

ஆணை மாற்றுவதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கெட்டுப்போன முட்டைகளை ஆண் அப்புறப்படுத்துவது வேறு, நல்ல கொத்து குகையைவிட்டு வெளியே வருவது வேறு. கருவுறாத முட்டைகள் ஓரிரு நாள்களில் சுண்ணாம்பு வெள்ளையாகி, பின்னர் பஞ்சு போன்ற பூஞ்சையைப் போர்த்திக்கொள்ளும். அவற்றை ஆண் ஒவ்வொன்றாக வெளியேற்றிவிட்டு மீதியைத் தொடர்ந்து விசிறும். நீங்கள் சொல்வதுபோல் முழுக் கொத்தும் ஆரஞ்சு நிறம் மாறாமல் வெளியே கிடந்தால், பெரும்பாலும் முட்டையில் குறையில்லை, குகையில்தான் ஏதோ நடந்திருக்கிறது.

எனக்கு முதலில் கண்ணில் படுவது பூச்சட்டி. ஆண் உள்ளே நுழைந்தால் அதன் உடலே வாயிலை அடைத்துக்கொள்ளும் அளவுக்குக் குகை நெருக்கமாக இருக்க வேண்டும். ஒரு முனை மூடியிருக்கும், 4 அல்லது 5 சென்டிமீட்டர் உள்விட்டமும் 12 முதல் 15 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட குழாய் வளர்ந்த ஆணுக்குச் சரியாக இருக்கும். அகன்ற வாய் கொண்ட சட்டியில் அது எந்தப் பக்கம் காவல் நிற்கும்? பெண்ணையும் உள்ளே மடக்கி வைக்க முடியாது, மற்ற மீன்களையும் தடுக்க முடியாது. இரவில் டார்ச் அடித்து எட்டிப் பார்க்கும் வழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது பெண்ணை வேறு தொட்டிக்கு மாற்றுவதும் நல்லது என்று நினைக்கிறேன்.

பதில் (பாசிப்பச்சை):

குகையின் அளவைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். இரண்டாவது பெண்ணைப் பற்றிச் சொன்னதை ஏற்க முடியவில்லை. இந்த இனத்தில் ஓர் ஆண் ஒரே குகையில் வெவ்வேறு பெண்களின் முட்டைகளைச் சேர்த்துக் காப்பதுண்டு. எனவே உண்மையிலேயே பெண்ணாக இருந்தால் அதனால் பெரிய கேடு வராது. என் சந்தேகம் அந்த ‘உண்மையிலேயே’ என்ற இடத்தில்தான் இருக்கிறது.

சிறிய மீனின் முகத்தை மேலிருந்து கவனித்துப் பாருங்கள். பெண்ணுக்கு மூக்கின் விளிம்போரமாகக் குட்டையான முனைகள் சில இருக்கலாம், அல்லது ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். முகத்தின் நடுவில், இரண்டு கண்களுக்கு இடையிலான பகுதியை நோக்கி ஏறும் முனைகள் தென்பட்டால் அது இளம் ஆண். அவை தொடக்கத்தில் சிறு பருக்களைப் போலவே இருப்பதால், விற்பவர்களும் வாங்குபவர்களும் இளம் ஆண்களைப் பெண் என்று எடுத்துக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது. உங்கள் பெரிய ஆணின் துடுப்புகளில் கிழிசல் ஏதாவது இருக்கிறதா?

கூழாங்கல்:

இருவருக்கும் நன்றி. சட்டியின் வாய் 9 சென்டிமீட்டர். வெளியே கிடக்கும் முட்டைகள் வெள்ளையாக இல்லை, பளபளப்பான ஆரஞ்சு நிறத்திலேயே இருக்கின்றன. சிறிய மீன் கண்ணாடியில் ஒட்டியிருந்தபோது பார்த்தேன்: மூக்கின் நடுவில் இரண்டு வரிசையாக மிகச் சிறிய முனைகள் மேல்நோக்கிப் போகின்றன, அவற்றில் ஒன்று நுனியில் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. பெரிய ஆணின் வால் துடுப்பின் மேல்முனையும் கிழிந்துள்ளது. விளக்கு அணைந்த பிறகு சட்டிக்குள் ஏதோ இடிக்கும் சத்தம் கேட்பதுண்டு; அதை நான் பொருட்படுத்தியதில்லை.

பதில் (பாசிப்பச்சை):

அப்படியானால் உங்களிடம் இருப்பவை இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும். குகைக்காக ஆண்கள் சண்டையிடும்போது கொத்து பெயர்ந்து விழும். இளையது வென்று குகையைப் பிடித்துக்கொண்டால், உள்ளே இருக்கும் முட்டைகள் அதற்கு வெறும் இடைஞ்சல். உங்கள் பெரிய ஆண் விசிறுவதை நீங்களே பார்த்திருப்பதால் அதன்மேல் பழி போட வேண்டியதில்லை. இளைய ஆணை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். மாற்ற இடமில்லையென்றால் தொட்டியின் இரு கோடிகளிலும் ஒன்றையொன்று பார்க்காதபடி தனித்தனிக் குகைகளை வையுங்கள். ஆனால் 120 லிட்டரில் இது அரைகுறைத் தீர்வுதான்.

பதில் (ஆற்றுமணல்):

முகத்தைப் பற்றிய இந்த விவரம் வந்த பிறகு எனக்கும் மறுப்பில்லை. எனினும் குகையையும் சேர்த்தே மாற்றுங்கள், ஏனெனில் நெருக்கமான வாயிலை ஓர் ஆண் தன் உடலைக் கொண்டே காத்துக்கொள்ளும்.

விழுந்த முட்டைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிறம் மாறாத கொத்தைக் காற்றில் நெடுநேரம் வைக்காமல், ஒரு கிண்ணத்தில் தண்ணீருடன் சேர்த்து அள்ளி, அதே தொட்டிக்குள் தொங்கும் வலைப்பெட்டியில் வையுங்கள். தந்தை விசிறுவதால் கிடைக்கும் நீரோட்டத்தை இனி நீங்கள்தான் தர வேண்டும். ஏர்ஸ்டோனை (காற்றைக் குமிழிகளாக வெளிவிடும் கல்) கொத்தின் அருகில் வைத்து, குமிழிகள் எழும்போது கொத்து மெல்ல அசையுமாறு காற்றைச் சரிசெய்யுங்கள். அசையாமல் கிடந்தால் உள்ளடுக்கு முட்டைகளுக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது, உருட்டி அடித்தாலும் முட்டைகள் சேதமாகும். வெள்ளையாகும் முட்டையை அன்றன்றே இடுக்கியால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதன் பூஞ்சை பக்கத்து முட்டைகளைத் தொட்டுவிடும். பூஞ்சையைத் தடுக்கும் மெத்திலீன் புளூ சாயத்தைப் பயன்படுத்துவதென்றால் தனிப் பாத்திரத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். பிரதானத் தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் பாதிக்கப்படும், கண்ணாடி ஒட்டிய சிலிக்கானும் நீலமாகிவிடும்.

கூழாங்கல்:

குஞ்சு பொரிந்த பிறகு எப்போது உணவு தர வேண்டும்?

பதில் (பாசிப்பச்சை):

உங்கள் வெப்பநிலையில் பெரும்பாலும் 4 முதல் 6 நாள்களில் பொரியும். வெளிவருபவை மீனாகவே தோன்றாது. பெரிய மஞ்சள்கருப் பையும் அதன்மேல் துடிக்கும் ஒரு வாலும்தான் தெரியும். அந்தப் பை கரைய ஏறக்குறைய இன்னொரு வாரம் ஆகும். அதுவரை உணவு எதுவும் போட வேண்டாம், போட்டால் தண்ணீர்தான் கெடும்.

பை மறைந்து, குஞ்சுகள் கண்ணாடியில் வாயால் ஒட்டிக்கொள்ளத் தொடங்கியதும் உணவு எந்நேரமும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் குஞ்சுகள் பட்டினியாலும் கெட்ட நீராலுமே அதிகம் சாகின்றன. இரண்டில் ஒன்றைத் தவிர்க்கப் போய் மற்றொன்றில் விழுவதுதான் சிக்கல். மெல்ல வேகவைத்த வெள்ளரி, சுக்கினி, கீரை, ஸ்பைருலினா மாத்திரை ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் போட்டு, மிஞ்சியது குழைவதற்கு முன் எடுத்துவிடுங்கள். பழைய தண்ணீரில் ஊறி வழுவழுப்புப் படிந்த டிரிஃப்ட்வுட் (தொட்டியில் போடும் மரக்கட்டை) துண்டு ஒன்று கட்டாயம் இருக்கட்டும். இரவு முழுவதும் அவை அதைத்தான் சுரண்டிக்கொண்டிருக்கும். போதுமான அளவு தின்கின்றனவா என்பதை, கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வயிற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம்: உருண்டு பச்சையாகத் தெரிந்தால் நன்று, உள்வாங்கியிருந்தால் அன்றே உணவைக் கூட்டுங்கள்.

ஃபில்டர் உறிஞ்சுகுழாயின் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டிவிடுங்கள். குஞ்சுகள் இருக்கும் நாள்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் 20 விழுக்காடு தண்ணீரை, குளோரின் நீக்கி, அதே வெப்பநிலையில் மாற்றுங்கள்.

கூழாங்கல்:

இளைய ஆணைத் தனித்தொட்டிக்கு மாற்றிவிட்டேன். ஒருபக்கம் மூடிய, 5 சென்டிமீட்டர் உள்விட்டமுள்ள களிமண் குழாயையும் வைத்துவிட்டேன். பெரிய ஆண் அதற்குள் புகுந்து, வாலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த ஈட்டை விரைவுபடுத்த ஏதேனும் செய்யலாமா?

பதில் (ஆற்றுமணல்):

பெண் மீனின் வயிறு, மேலிருந்து பார்த்தால் மார்புத் துடுப்புகளுக்குப் பின்னால் அகன்று தெரியும்வரை பொறுங்கள். அதன் பிறகு, மழைநீர் ஆற்றில் சேர்வதுபோல, தொட்டியைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்த நீரில் 30 விழுக்காடு மாற்றுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். ஆண் குழாயைவிட்டு வெளியே வராமல் ஓயாமல் விசிறிக்கொண்டிருந்தால் பெண் முட்டையிட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது குழாயைத் தூக்கிப் பார்க்காதீர்கள்.