புதுப்பிப்பு: கொடி ரோஜாவுக்குத் துணையாகச் சங்குப்பூ

மார்த்தாண்டம் வீட்டு வாசல் வளைவில் நிற்கும் கொடி ரோஜாவோடு எதைப் படரவிடலாம் என்று முன்பு கேட்டிருந்தேன், பலரும் கிளெமாட்டிஸ் என்ற குளிர்நாட்டுப் பூங்கொடியைச் சொன்னீர்கள். அதற்கு வேர் நிழலிலும் தலை வெயிலிலும் இருக்க வேண்டும், குளிர்காலத்தில் உறங்கி எழவும் வேண்டும், அதற்கெல்லாம் நம்ம ஊர்ப் புழுக்கத்தில் எங்கே போவது? சரி என்று நீலச் சங்குப்பூ விதையை ராத்திரி ஊறவைத்து, ரோஜா மூட்டிலிருந்து 2 அடி தள்ளி ஊன்றினேன்.

கிளெமாட்டிஸ் இலைக்காம்பால் பற்றி ஏறும். சங்குப்பூவோ தண்டாலேயே சுற்றிக்கொள்ளும், ரோஜாவின் இளந்துளிர் என்றால் நெரித்தே விடும், அதனால் அவ்வப்போது கையால் பிரித்துவிடுகிறேன். இடவப்பாதி மழையில் (ஜூன் மாதத் தென்மேற்குப் பருவமழை) ரோஜா இலையில் கரும்புள்ளிப் பூஞ்சை நோய் விழுந்தது, காற்று புக வேண்டுமே என்று அடிப்பக்கத்துச் சங்குக் கொடியை நறுக்கிவிட்டேன். இப்போது ரோஸ் கொத்துகளுக்கு நடுவே நீலம், பார்க்க அம்சமாக இருக்கிறது. நெற்று காய்ந்ததும் விதை தருகிறேன், வேண்டியவர்கள் சொல்லுங்கள்.