பழைய மருத்துவச் சான்றுகளில் வரும் 'நியூரஸ்தீனியா': இன்றைய எந்த நோய்க்கு நிகர்?

ஏடுபெயர்ப்பான் கேட்டது:

1890 முதல் 1940 வரையிலான மருத்துவ விடுப்புச் சான்றுகளைத் தமிழில் தொகுக்கும் வேலை நடக்கிறது. பெரும்பாலும் மதராஸ் மாகாணத்தில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரிகள், கொஞ்சம் மிஷன் ஊழியர்கள், 1915-க்குப் பிறகு ராணுவத்தாரும் உண்டு. நோயின் பெயர் எழுதும் கட்டத்தில் 'நியூரஸ்தீனியா' என்ற ஒற்றைச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. சிலவற்றில் 'வெப்பமண்டல நியூரஸ்தீனியா'. அகராதி 'நரம்புத் தளர்ச்சி' என்கிறது. அப்படியே போட்டால் வாசகர் கை நடுக்கம் என்று நினைப்பார், இல்லையென்றால் லாட்ஜ் வைத்தியர் விளம்பரம் ஞாபகம் வரும். 'மனச்சோர்வு' என்று போட்டுவிடலாம் என்பது குழுவில் ஒருவர் கருத்து. உண்மையில் இது என்ன நோய்? ஏன் வழக்கொழிந்தது? அடிக்குறிப்பில் என்ன எழுதுவது? சில கோப்புகளில் மருந்துச் சீட்டும் சேர்ந்திருக்கிறது.

பழுப்பேடு:

மனச்சோர்வு என்று தயவுசெய்து போடாதீர்கள். சான்று எழுதிய மருத்துவர் சொல்லாத ஒன்றை அவர் வாயில் திணிப்பதாகிவிடும். 'நியூரஸ்தீனியா' என்றே ஒலிபெயர்த்து, முதல்முறை வரும் இடத்தில் விளக்கம் கொடுங்கள்.

பெயரைப் பரப்பியவர் ஜார்ஜ் மில்லர் பியர்ட் என்ற நியூயார்க் நரம்பு மருத்துவர். பாஸ்டன் மருத்துவ இதழில் 1869-ல் கட்டுரை வந்தது. அதே ஆண்டு மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ மனநலக் காப்பகத்தின் வான் டியூசனும் தனியாக இதே பெயரில் எழுதினார். அவர் பார்த்தது பேச்சுத்துணை இல்லாத பண்ணை வீட்டுப் பெண்களை. பியர்ட் பார்த்ததோ நகரத்து வணிகர்களையும் வக்கீல்களையும். நிலைத்தது பியர்டின் சித்திரம்தான்.

அவர் கணக்கு எளியது. ஒவ்வொரு உடலிலும் நரம்பு ஆற்றல் ஓர் அளவுதான் இருக்கிறது. வரவை மிஞ்சிச் செலவு செய்தால் நரம்பு திவாலாகும். எடிசனின் மின்விளக்கையே உவமை சொன்னார்: ஒரே இயந்திரத்தில் விளக்குகளைக் கூட்டிக்கொண்டே போனால் எல்லாமே மங்கும். செலவைக் கூட்டியவை என்று 1881-ல் ஐந்தைக் குறிப்பிட்டார்: நீராவி, பத்திரிகைகள், தந்தி, அறிவியல், பெண்களின் மூளை உழைப்பு. ஐந்தாவதில் அவர் காலத்து ஆண்களின் அச்சம் அப்பட்டமாகத் தெரிகிறது. கத்தோலிக்க நாடுகளில் இந்த நோய் குறைவு, மூளை உழைப்பாளிகளுக்கே அதிகம் என்றும் சொன்னார். அதாவது நாகரிகம் பெற்றவர்களின் நோய். அடையாளப் பட்டியலுக்கு முடிவே இல்லை: களைப்பு, தூக்கமின்மை, தலைவலி, செரிமானக் கோளாறு, உள்ளங்கை வியர்வை, பல்லீறு வலி, இடி மின்னலுக்குப் பயம்.

இத்தனை தளர்வான பெயர் எப்படி ஐம்பது ஆண்டு ஓடியது? நோயாளிக்கு அது மானம் காத்தது. 'பைத்தியம்' என்ற முத்திரை கிடையாது, சோம்பேறி என்ற பழியும் கிடையாது. உழைத்து உழைத்து நரம்பு தேய்ந்தது என்று மருத்துவரே எழுதிக் கொடுக்கிறார். விடுப்புச் சான்றில் இந்தச் சொல் ஏன் இத்தனை முறை வருகிறது என்பதற்குப் பாதி விடை இதுதான்.

சிகிச்சையையும் தெரிந்துகொள்ளுங்கள், கோப்புகளில் வரும். பிலடெல்பியாவின் சைலாஸ் வெயர் மிட்செல் வகுத்த 'ஓய்வுச் சிகிச்சை' ஆறு முதல் எட்டு வாரம். குடும்பத்தாரைப் பார்க்கக் கூடாது. சிலருக்கு முதல் நான்கைந்து வாரம் எழுந்து உட்காரவோ தைக்கவோ படிக்கவோ எழுதவோ கூடாது. கைக்கு அனுமதித்த ஒரே வேலை பல் துலக்குவது. உணவு பாலில் தொடங்கும், இரண்டு மணிக்கு ஒருமுறை 4 அவுன்ஸ், சுமார் 120 மில்லி. பிறகு இறைச்சி, முட்டை, வெண்ணெய் என்று ஏற்றி உடம்பைப் பருக்க வைப்பார்கள். மாட்டிறைச்சிச் சாறுக்குத் தனிச் செய்முறையே உண்டு: ஒரு பவுண்டு பச்சை இறைச்சியைக் கொத்தி, ஒரு பைண்ட் தண்ணீரும் ஐந்து துளி ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்து இரவு முழுக்கப் பனிக்கட்டியில் வைத்து, காலையில் 110 டிகிரி ஃபாரன்ஹீட் வெந்நீரில் இரண்டு மணி நேரம் நிறுத்தி, துணியில் பிழிந்து எடுப்பது. வாரக்கணக்கில் படுத்தால் தசை கரையும், பசி போகும் என்பது மிட்செலுக்குத் தெரியும். அதற்கு ஈடாகத்தான் தினமும் உடல் பிடித்துவிடுவதும் மின்சாரத்தால் தசையைச் சுருங்கச் செய்வதும்.

மெலிந்து ரத்தம் வற்றிப்போனவர்கள் சிலர் இதில் தேறினார்கள். ஏற்கெனவே வீட்டுக்குள் முடங்கியிருந்த பெண்ணுக்கு இதே முறை கொடுமையானது. 1887-ல் சிகிச்சை பெற்ற எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன், இனிப் பேனாவையே தொடாதே என்று தன்னை வீட்டுக்கு அனுப்பியதாகப் பின்னாளில் எழுதினார். ஆண்களுக்கு அதே மிட்செல் வேறு மருந்து வைத்திருந்தார்: எழுத்தாளர் ஓவன் விஸ்டரை 1885-ல் வயோமிங் புல்வெளிக்குக் குதிரையேறப் போகச் சொன்னார். சான்றில் இருப்பவர் ஆணா பெண்ணா என்பதை முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

நீலகிரி வாசகர்:

பழுப்பேடு ஐயா சொன்னது அமெரிக்கப் பாதி. உங்கள் கோப்புகளுக்கு வேண்டியது மற்றப் பாதி.

'வெப்பமண்டல' என்ற அடைமொழி 1900-க்குப் பிறகு பெருகுகிறது. பிலிப்பைன்ஸில் இருந்த அமெரிக்க ராணுவ மருத்துவர் சார்லஸ் உட்ரஃப், வெயிலின் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் வெள்ளைத் தோலைத் துளைத்து நரம்பைக் கெடுக்கின்றன என்று 1905-ல் புத்தகமே போட்டார். அங்கே இதற்கு 'பிலிப்பினைட்டிஸ்' என்று செல்லப்பெயர். கதிரைத் தடுக்கத்தான் சோலா தொப்பியும், சட்டை முதுகில் பொத்தானிட்டு மாட்டும் பஞ்சுப் பட்டையும். செம்மஞ்சள் உள்ளாடையைச் சிப்பாய்களுக்குக் கொடுத்துக்கூடச் சோதித்தார்கள். போட்டவர்களுக்குப் புழுக்கம் கூடியதுதான் மிச்சம்.

மதராஸ் மாகாணத்தில் மருத்துவர்கள் எழுதிக் கொடுத்த பரிகாரம் மலை அல்லது கப்பல்: ஊட்டி, கொடைக்கானல், முற்றினால் சீமைக்கு நீண்ட விடுப்பு. கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியது 1845-ல் அமெரிக்க மதுரை மிஷன். அது காய்ச்சலுக்குத் தப்பி. நரம்பு பற்றிய பேச்சு பிறகு வந்து அதே மலையில் ஏறிக்கொண்டது.

1930-களில் லண்டன் மருத்துவர் மில்லைஸ் கல்பின் இதை உடைத்தார். தட்பவெப்பத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஊரிலிருந்தே கொண்டுவரும் சாதாரண மனக்கலக்கம்தான் என்பது அவர் வாதம். தனிமை, குடி, மேலதிகாரியோடு மனத்தாங்கல், தீராத மலேரியா, சீதபேதி எல்லாமே அந்த ஒற்றைச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கலாம். இதே மாவட்டத்தில் இதே வெயிலில் வேலை பார்த்த இந்தியக் குமாஸ்தாவுக்கு அந்தப் பெயரை அபூர்வமாகவே கொடுத்தார்கள். உங்கள் தொகுப்பில் அப்படி ஒரு சான்று கிடைத்தால் தனியாகக் குறித்து வையுங்கள்.

ராணுவக் கோப்புகளில் பதவியைப் பாருங்கள். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படையில் ஒரே மாதிரி நொறுங்கிய இருவரில் அதிகாரிக்கு நியூரஸ்தீனியா, சிப்பாய்க்கு ஹிஸ்டீரியா அல்லது 'ஷெல் ஷாக்' (குண்டு வெடிப்பு அதிர்ச்சி) என்று எழுதுவது வழக்கமாக இருந்தது. 1917-ல் 'ஷெல் ஷாக்' என்ற சொல்லையே முன்னணி முகாம்களில் தவிர்க்கச் சொல்லி, 'இன்னும் கண்டறியப்படாத நரம்பு நோய்' என்ற பொருளில் என்.ஒய்.டி.என். என்ற நான்கெழுத்தைக் கொண்டுவந்தார்கள். கோப்பில் அதைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். எடின்பரோ அருகே அதிகாரிகளுக்கென்றே நடந்த கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் கவிஞர் சிக்ஃப்ரீட் சசூனைப் பேச்சால் தேற்றிய மருத்துவர் ரிவர்ஸ், அதற்குப் பதினைந்து ஆண்டு முன் நம் நீலகிரியில் தோடர்களிடையே ஆய்வு செய்தவர்.

மனமருத்துவம்:

ஏன் வழக்கொழிந்தது என்பதற்கு வருகிறேன். ஒரே நாளில் யாரும் நீக்கவில்லை. உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு போனார்கள். 1895-ல் ஃபிராய்ட் பதற்ற நோயைப் பிரித்தெடுத்தார். 1903-ல் பாரிஸில் உளவியலாளர் ஜானே, விடாமல் துரத்தும் எண்ணங்களையும் அச்சங்களையும் வேறு பெயரில் கொண்டுபோனார். 1906-ல் வாசர்மன் ரத்தப் பரிசோதனை வந்ததும், சிபிலிஸ் மூளையைத் தாக்கிய ஆரம்ப நிலையில் இருந்த பலரை அதுவரை நியூரஸ்தீனியா என்று அனுப்பிக்கொண்டிருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. ரத்தசோகை, தைராய்டு, காசநோய் எல்லாம் அப்படியே தனித்தனியாக வெளியேறின. மிச்சத்தில் பெரும்பங்கை மனச்சோர்வு எடுத்துக்கொண்டது.

அமெரிக்க மனமருத்துவக் கையேட்டில் 1968 பதிப்பில் இருந்தது, 1980 பதிப்பில் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய்ப் பட்டியலில் எஃப் 48.0 என்ற எண்ணில் இருந்தது: சிறிது மூளை வேலைக்கோ உடல் வேலைக்கோ மிதமிஞ்சிய களைப்பு, ஓய்வெடுத்தும் தீராமை, கூடவே தசைவலி, தலைசுற்றல், தலைவலி, தூக்கக் கேடு, எரிச்சல் போன்றவை, ஆய்வுக்கான வரையறையில் குறைந்தது மூன்று மாதம். வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வரும் நீடித்த களைப்பை அதில் சேர்க்கக் கூடாது, அதற்கு வேறு எண். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினொன்றாவது பட்டியலில் நியூரஸ்தீனியா இல்லை.

ஆனால் 'எல்லாம் மனச்சோர்வுதான்' என்ற முடிவுக்குப் போகாதீர்கள். 1980-ல் சீனாவின் சாங்ஷா நகரில் அமெரிக்க மனமருத்துவர் ஆர்தர் கிளைன்மன் இந்தப் பெயர் பெற்ற 100 பேரைச் சோதித்தார். 87 பேர் தீவிர மனச்சோர்வின் அளவுகோலுக்குள் வந்தார்கள். அவர்களோ சொன்னது தலைவலி, தூக்கமின்மை. கலாசாரப் புரட்சி முடிந்த கையோடு, மனம் உடைந்தேன் என்று சொல்வது அரசியல் குற்றம்போல ஒலிக்கும். நரம்பு பலவீனம் என்றால் விடுப்பு கிடைக்கும். அளவுகோல் பொருந்துவது வேறு, அவர் அனுபவித்தது வேறு. உங்கள் அதிகாரிகளுக்கும் இதே நியாயம் உண்டு.

'நரம்புத் தளர்ச்சி' பற்றி உங்கள் தயக்கம் சரி. தமிழில் அது இன்று கை நடுக்கம், கால் மதமதப்பு, விந்து பற்றிய பயம், வெறும் அசதி நான்குக்கும் பொது. விந்து பற்றிய பயத்தை 1960-ல் இந்திய மனமருத்துவர் விக் 'தாது நோய்' என்று தனியாக விவரித்தார். பத்தாவது பட்டியலில் அது எஃப் 48.8, நியூரஸ்தீனியா இருந்த அதே தெரு.

இதை இன்றைய தேவைக்காகத் தேடி வந்தவருக்கு ஒரு வார்த்தை. நடுக்கம் என்றால் தைராய்டும் மதுப் பழக்கமும் பார்க்க வேண்டும், பாதம் மரத்தால் சர்க்கரையும் பி12-ம், அசதி என்றால் ஹீமோகுளோபினும் தைராய்டும், காலையில் எழவே மனமில்லை என்றால் மனநல ஆலோசனை. இவை பார்க்காமல் மாதக்கணக்கில் சத்து மாத்திரை விழுங்குவதில் ஆபத்தும் உண்டு; பி6 அளவு மீறி நாள்பட்டால் அதுவே உணர்வு நரம்பைக் கெடுக்கும்.

அடிக்குறிப்புக்கு என் வரைவு: 'நியூரஸ்தீனியா: நரம்பு ஆற்றல் செலவழிந்து தீர்ந்ததால் வருவதாக 1869 முதல் கருதப்பட்ட களைப்பு, தூக்கமின்மை, தலைவலி, செரிமானக் கோளாறு ஆகியவற்றின் தொகுப்பு. இன்றைய எந்த ஒரு நோய்க்கும் நிகரல்ல.' சான்றில் மருத்துவர் எழுதிய தனித்தனி உபாதைகளை ஒன்றுவிடாமல் மொழிபெயருங்கள். பின்னால் வரும் ஆய்வாளருக்கு நோய்ப் பெயரைவிட அவைதான் பயன்படும்.

ஏடுபெயர்ப்பான்:

மூவருக்கும் நன்றி. அடிக்குறிப்பு அப்படியே போகும். மருந்துச் சீட்டுகளில் 'பொட். புரோம்.' என்று பலமுறை, சிலவற்றில் 'ஸ்ட்ரிக்னைன்', ஒன்றில் 'ஈஸ்டன் சிரப்'. அளவுக் குறிகள் 3 போலவும் இசட் போலவும் இருக்கின்றன. இவற்றை எப்படிப் படிப்பது?

கலுவம்:

மருந்தாளுநர் பக்கத்திலிருந்து. 3 போலத் தெரிவது டிராம் குறி. தலையில் ஒரு கோடு கூடுதலாக இருந்தால் அவுன்ஸ். 1 கிரெயின் சுமார் 65 மில்லிகிராம், 60 கிரெயின் ஒரு டிராம், திரவ அவுன்ஸ் சுமார் 28 மில்லி. எண்கள் சிறிய ரோமன் எழுத்தில், கடைசி 'ஐ' வால் நீண்டு 'ஜே' ஆக இருக்கும். டி.டி.எஸ். என்றால் நாளுக்கு மூன்று வேளை.

பொட்டாசியம் புரோமைடு அமைதிப்படுத்த, ஒரு வேளைக்கு 5 முதல் 30 கிரெயின். உடலைவிட்டு வெளியேற மிக மெதுவானது. பாதி குறையவே 12 நாள் ஆகும். தினமும் மூன்று வேளை கொடுத்தால் சேர்ந்துகொண்டே போகும். முகத்தில் பரு, தள்ளாட்டம், மறதி, குழப்பம். பத்திய உணவில் உப்பைக் குறைத்திருந்தால் இன்னும் மோசம், குளோரைடு குறையும்போது சிறுநீரகம் புரோமைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே மூன்றாம் மாதச் சான்றில் 'ஞாபக மறதி கூடியுள்ளது' என்று இருந்தால் அது நோயா மருந்தா என்று சீட்டின் தேதியோடு ஒப்பிடுங்கள்.

ஸ்ட்ரிக்னைன் எட்டிக்கொட்டையின் விஷம். மிகச் சிறு அளவில் நரம்பை முறுக்கேற்றும் என்று நம்பினார்கள். ஈஸ்டன் சிரப் என்பது இரும்பு பாஸ்பேட், குயினைன், ஸ்ட்ரிக்னைன் மூன்றும் சேர்ந்த டானிக்.

புரோமைடும் ஸ்ட்ரிக்னைனும் ஒரே புட்டியில் எழுதப்பட்ட சீட்டு இருந்தால் அதைப் படமெடுத்துத் தனியாக வையுங்கள். இரண்டும் சேர்ந்தால் ஸ்ட்ரிக்னைன் புரோமைடு படிகமாகி அடியில் தங்கும். மேலே உள்ள வேளைகளில் மருந்தே இருக்காது, கடைசி வேளையில் மொத்த விஷமும் வரும். மருந்து கலக்கும் பாடத்தில் இது நிலையான எச்சரிக்கை. அப்படி ஒரு சீட்டின் ஓரத்தில் கம்பவுண்டர் 'குலுக்கவும்' என்றோ 'தனியாகக் கொடுக்கப்பட்டது' என்றோ கிறுக்கியிருந்தால் அந்த வரியையும் விட்டுவிடாமல் பெயர்த்து எழுதுங்கள்.