ஹோமலோனைக்கிடே குடும்பத்துக்கு "மண்பூசிச் சிலந்தி" சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம்,

ஹோமலோனைக்கிடேங்கிற இந்தச் சிலந்திக் குடும்பத்துக்குத் தமிழ்ப் பேரு வைக்க இதுவரைக்கும் வந்த பரிந்துரை எல்லாத்தையும் படிச்சேன். பாலைச் சிலந்தி, சமநகச் சிலந்தி, மண்போர்வைச் சிலந்தி. நான் மண்பூசிச் சிலந்தின்னு வைக்கலாம்னு சொல்றேன்.

பாலைச் சிலந்தி வேணாம். இதுங்க சொனோரா, மொஹாவி பாலைவனங்கள்ல வாழுறது உண்மைதான், அரிசோனா, நெவாடா, கலிஃபோர்னியா, அந்தப் பக்கம் மெக்சிகோவுல பாஹா கலிஃபோர்னியா வரைக்கும் இருக்கு, ஆனா பாலைவனத்துல வாழுற சிலந்திக் குடும்பம் எத்தனையோ இருக்கே, இந்தப் பேரு எதைப் பிரிச்சுக் காட்டும்? தவிர நம்ம பாலைங்கிறது முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிஞ்ச நிலம், அது வேற. சுருக்கமா மணல் சிலந்தின்னே சொல்லலாமேன்னு ஒருத்தர் கேட்டிருந்தார், ஆனா ஆப்பிரிக்காவுல ஆறுகண் மணல் சிலந்தின்னு ஒண்ணு ஏற்கனவே இருக்கு, அது சிக்காரிடே குடும்பம். நம்ம ஹோமலோனைக்கிடேவுக்கு எட்டுக் கண்ணு. ரெண்டும் கிட்டத்துச் சொந்தம்கூட இல்ல.

சமநகச் சிலந்தி கிரேக்கப் பேருக்கு நேர் மொழிபெயர்ப்பு. ஹோமலோஸ்னா சமம், ஓனிக்ஸ்னா நகம். 1891ல மார்க்ஸ்ங்கிற சிலந்தி ஆய்வாளர் பேரினத்துக்கு வெச்ச பேரு, 1893ல சிமோன்ங்கிற இன்னொரு ஆய்வாளர் அதை வெச்சே குடும்பத்துக்கும் பேரு வெச்சார். தப்பில்ல, ஆனா நகத்தைப் பார்க்க மைக்ராஸ்கோப் வேணும், படிக்கிறவங்க மனசுல சிலந்தியே வராது.

இதோட விசேஷமே மண்ணுதான். குஞ்சுகளும் வளர்ந்த பெண்ணும் நுண்ணிய மண்ணைத் தன் மேல ஏத்திக்கிட்டு அந்தந்த இடத்து நிறத்துலயே கிடக்கும், பக்கத்துல போனாலும் தெரியாது. உடம்புல இருக்குற சீட்டாக்கள், அதாவது மயிர் மாதிரியான இழைமுட்கள், ஒவ்வொண்ணுலயும் இன்னும் மெல்லிசா இழைகள் கிளம்பியிருக்கு, அந்த இழைகள் மண்துகளை நிறைய இடத்துல தொட்டு நிக்கும், அதனாலதான் சுலபத்துல உதிர்றதில்ல. மேல சொன்ன சிக்காரிடே குடும்பத்துச் சிக்காரியஸ் சிலந்திக்கும் கிட்டத்தட்ட இதே அமைப்பு தனியா உருவாகியிருக்குன்னு 2007ல ஒரு ஆய்வு வந்தது, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் அது. முட்டைப் பையைக்கூட மண்ணு சேர்த்துதான் கட்டுது.

அப்ப போர்வை ஏன் கூடாதுன்னா, போர்வை எடுத்துப் போத்திக்கிற பொருள், தனியா இருக்குறது. இங்க அப்படி இல்ல, தோல் உரிக்கிறப்ப பழைய மண்ணு தோலோடயே போயிடும், திரும்பப் புதுசா ஏத்திக்கணும். அது ஒரு செயல், அதனால பேருலயும் வினை இருக்கட்டும். மரங்கொத்தி, மீன்கொத்தி, எறும்புதின்னி எல்லாம் செய்யுற வேலையை வெச்சு வந்த பேருதான, மண்பூசியும் அந்த வரிசையில இயல்பா உக்காரும். பூசுறதுன்னா ஈரமா இருக்கணுமேன்னு ஒரு கேள்வி வரும், பவுடரையும் பூசுறோம்னுதான சொல்றோம்.

ஒரு நியாயமான ஆட்சேபம், வளர்ந்த ஆண் மண்ணு பூசிக்காது, சுத்தமாத்தான் திரியும். குடும்பப் பேரு எல்லாத்துக்கும் பொருந்தணுமேன்னா அதுவும் சின்ன வயசுல பூசிக்கிட்டதுதான், எனக்கு இது போதும். ஆணை வெச்சு யோசிச்சா கால்கட்டின்னு ஒரு பேரு வரலாம், கலவிக்கு முன்னாடி பெண்ணோட காலை நூலால கட்டிடும், ஆனா நண்டுச் சிலந்திகள்லயும் சிலது அப்படிச் செய்யுது, அதனால அது இந்தக் குடும்பத்துக்கு மட்டுமான அடையாளம் ஆகாது.

பேரினத்தை ஹோமலோனைக்கஸ்னு ஒலிபெயர்ப்பாவே விட்டுடலாம். வட அமெரிக்காவுல இருக்குற ரெண்டு சிற்றினத்துக்கும் தியோலோகஸ், செலினோபாய்டிஸ்னு தனித்தனியா தமிழ்ப் பேரு தேட வேணாம், மேற்கு மண்பூசி, கிழக்கு மண்பூசின்னா போதும், கொலராடோ ஆறும் கலிஃபோர்னியா வளைகுடாவும்தான் பெரும்பாலும் ரெண்டையும் பிரிக்குது. மண்பூசிச் சிலந்தின்னு ச் போட்டே எழுதணும், குடும்பத்துக்கு மண்பூசிச் சிலந்திக் குடும்பம். இதைவிடச் சின்னதா, வாயில சுலபமா வர்ற சொல் யாருக்காவது தோணினா சொல்லுங்க, நான் மாத்திக்கத் தயார்.